நஷ்டஈட்டை தீர்மானிச்சது சொத்தோட மதிப்பு இல்ல, யார் கையில பிடி இருந்ததுங்கறதுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் பல நாடுகள் வெளிநாட்டுக்காரங்களோட ஃபேக்டரி, சுரங்கம், பேங்க், எண்ணெய் கம்பெனி எல்லாத்தையும் நாட்டுடைமை ஆக்குனது, அதுக்கு நஷ்டஈடு கேட்டு நாடுகளுக்குள்ள நடந்த சண்டை, இது பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரையை முழுசா படிச்சேன். எந்த வருஷம் எந்த ஒப்பந்தம்னு நல்லா தொகுத்திருந்தாங்க, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா ஒவ்வொரு தகராறும் கடைசியில பேச்சுவார்த்தையில சுமூகமா முடிஞ்ச மாதிரி எழுதியிருக்காங்க, அதைத்தான் என்னால ஏத்துக்க முடியல. அந்த ஒப்பந்தங்களை பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, ஒரு விஷயம் பளிச்சுனு தெரியும். எவ்வளவு நஷ்டஈடு கிடைச்சதுங்கறது சொத்து எவ்வளவு பெறும்ங்கறதை வச்சு முடிவாகல, எதிராளியோட தங்கமோ பணமோ உதவியோ யார் கையில மாட்டியிருந்ததுங்கறதை வச்சுதான் முடிவாச்சு.

செக்கோஸ்லோவாக்கியா கதையை எடுத்துக்கோங்க, இதுல எல்லாமே இருக்கு. 1945 அக்டோபர்ல அதிபர் பெனஷ் போட்ட ஆணைகள்ல சுரங்கம், பெரிய தொழிற்சாலை, பேங்க், இன்சூரன்ஸ் எல்லாம் அரசுடைமை ஆச்சு, அப்புறம் 1948 பிப்ரவரியில கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் சின்ன தொழில்களும் போச்சு. அதுல அமெரிக்க குடிமக்களோட சொத்தும் இருந்தது, பிரிட்டிஷ்காரங்க சொத்தும் இருந்தது. இந்தப் பக்கம் பாத்தா நாஜிகள் போர்ல செக்கோஸ்லோவாக்கியாவோட தங்கத்தை கொள்ளையடிச்சிருந்தாங்க. போர் முடிஞ்சு நேச நாடுகள் அந்த கொள்ளை தங்கத்தை எல்லாம் மீட்டு, அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூணும் சேர்ந்து 1946ல பிரஸ்ஸல்ஸ்ல ஒரு கமிஷன் வச்சு பறிகொடுத்த நாடுகளுக்கு பங்கு பிரிச்சுக் கொடுத்தாங்க. செக்கோஸ்லோவாக்கியாவுக்கு வரவேண்டிய பங்குல 18.4 டன் மட்டும் வரல. எங்க ஆளுங்க சொத்துக்கு நஷ்டஈடு கொடுத்தாதான் தங்கத்தை விடுவோம்னு அமெரிக்காவும் பிரிட்டனும் பிடிச்சு வச்சுக்கிட்டாங்க. திருடன்கிட்டேர்ந்து நம்ம நகையை மீட்ட போலீஸ்காரர், நீ எங்க மாமாவுக்கு தரவேண்டிய பழைய பாக்கியை முதல்ல கட்டு, அப்புறம் நகையை வாங்கிக்கோன்னு சொன்னா எப்படி இருக்கும், அப்படித்தான் இதுவும்.

தங்கம் மட்டும் இல்ல. போருக்கு அப்புறம் செக்கோஸ்லோவாக்கியா அமெரிக்காவுல ஒரு இரும்பாலைக்கான இயந்திரங்களை வாங்கி காசும் கட்டியிருந்தது. அதை கப்பல்ல ஏத்த அமெரிக்க அரசாங்கம் பர்மிஷன் தரல, பல வருஷம் அப்படியே கிடந்தது, கடைசியில 1954ல அமெரிக்க கருவூலமே அதை வித்து, வந்த சுமார் 90 லட்சம் டாலரை நஷ்டஈட்டு நிதியில போட்டுச்சு. சொத்தை எடுத்துக்கிட்டதுக்கு பதிலா சொத்தை எடுத்துக்கறது, இதுதான் ரெண்டு பக்கமும் நடந்தது, சட்டம்ங்கற பேர்ல.

1958ல சட்டம் போட்டு அமெரிக்காவுல ஒரு கமிஷன் செக்கோஸ்லோவாக்கியா மேல இருந்த கோரிக்கைகளை ஒண்ணொண்ணா விசாரிச்சது. 1962ல முடிச்சப்போ 2,600க்கு மேல கோரிக்கைகளை ஏத்துக்கிட்டு அசல் மட்டும் சுமார் 7 கோடியே 26 லட்சம் டாலர், வட்டி சேர்த்தா சுமார் 11 கோடியே 36 லட்சம் டாலர்னு கணக்கு போட்டாங்க. இது கொஞ்சம் கவனிங்க, சொத்தோட மதிப்பு என்னன்னு கேட்டா விடை 1962லயே வந்துடுச்சு. அதுக்கு மேல பேச ஒண்ணும் இருந்திருக்கக் கூடாது. ஆனா 1974ல ரெண்டு அரசாங்கமும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தப்போ கொடுக்க ஒத்துக்கிட்ட தொகை அசல்ல பாதிகூட வரல. அமெரிக்க காங்கிரஸ் அதை ஏத்துக்காம, அந்த வருஷத்து வர்த்தக சட்டத்துலயே நாங்க சம்மதிக்காம தங்கத்தை விடக்கூடாதுன்னு ஒரு பிரிவை சேர்த்துட்டாங்க. அப்புறம் 1982 ஜனவரியில கையெழுத்தான ஒப்பந்தத்துல தொகை 8 கோடியே 15 லட்சம் டாலர், அதாவது அசல் மொத்தமும் வந்து வட்டியிலயும் கொஞ்சம் வந்தது. பிப்ரவரியில தங்கம் செக்கோஸ்லோவாக்கியா கைக்கு போச்சு.

இத்தனை வருஷத்துல என்ன மாறுச்சு? 1945ல பறிபோன ஃபேக்டரியோட மதிப்பு மாறல, கமிஷன் போட்ட கணக்கும் மாறல. மாறுனது தங்கத்தோட விலை. அவுன்ஸ் 35 டாலர்னு இருந்த காலத்துல அந்த 18.4 டன் சுமார் 2 கோடி டாலர்தான் பெறும், 1982ல அதே தங்கம் 20 கோடி டாலருக்கு மேல. 20 கோடியை மீட்க 8 கோடி கொடுக்கறது செக்கோஸ்லோவாக்கியாவுக்கு லாபமாயிடுச்சு, அவ்வளவுதான். நியாயம் ஜெயிச்சதுன்னு இதை எழுத எனக்கு மனசு வரல. 1945ல நாப்பது வயசுல கடையையோ ஆலையையோ இழந்த ஒருத்தருக்கு 1982ல எழுபத்தி ஏழு வயசு. எத்தனை பேர் அதுவரைக்கும் இருந்திருப்பாங்க? பேப்பர்ல செட்டில்மெண்ட் ஆயிடுச்சுன்னு ஒரு வரி போடுறோமே, அந்த வரிக்குள்ள 37 வருஷம் இருக்கு சார்.

யூகோஸ்லாவியா விஷயத்துல இதுக்கு நேர் எதிரா வேலை சீக்கிரம் முடிஞ்சது, காரணம் அதேதான். யூகோஸ்லாவியாவோட தங்கம் சுமார் 4 கோடியே 70 லட்சம் டாலர் மதிப்புக்கு அமெரிக்காவுல முடங்கி கிடந்தது, அதை விடுவிக்கணும்னா நாட்டுடைமை ஆன சொத்துக்கு பணம் கொடுன்னாங்க, 1948 ஜூலையிலேயே 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் ஆச்சு, அங்க சொத்து இழந்த அமெரிக்கர்களுக்கு அங்கீகரிச்ச அசல்ல 90 சதவீதத்துக்கு மேல கிடைச்சது. போலந்துகிட்ட அப்படி பிடிக்க ஒண்ணும் இல்ல. 1960ல 4 கோடி டாலர், அதையும் வருஷத்துக்கு 20 லட்சம்னு 20 தவணையா கட்டறதா ஒப்பந்தம், கோரிக்கைக்காரங்களுக்கு அசல்ல மூணுல ஒரு பங்குதான் தேறுச்சு. ஒரே மாதிரி ஆலை, ஒரே மாதிரி இழப்பு, பெல்கிரேடுல இருந்தா ஒரு விலை, வார்சாவுல இருந்தா வேற விலை. கியூபாவுல 1959க்கு அப்புறம் போன அமெரிக்க சொத்துக்கு 5,913 கோரிக்கைகளை ஏத்துக்கிட்டு சுமார் 190 கோடி டாலர்னு கணக்கு போட்டு சர்டிஃபிகேட்டும் கொடுத்தாங்க, அதுக்கு இன்னிக்கு வரைக்கும் செட்டில்மெண்ட் இல்ல. அதே கியூபா கனடா, பிரான்ஸ், ஸ்பெயின், சுவிட்சர்லாந்து, பிரிட்டனோட எல்லாம் பேசி முடிச்சிடுச்சு, அவங்க எல்லாம் வியாபாரத்தை தொடர்ந்தாங்க, பேச வழி இருந்தது.

இதுல ஒரு பக்கத்தை மட்டும் சொன்னா அது நியாயம் இல்ல. நாட்டுடைமை ஆக்குனதே தப்புன்னு நான் சொல்லல. தன்னோட இயற்கை வளத்து மேல ஒரு நாட்டுக்கு உரிமை இருக்கு, பொது நலனுக்காக எடுத்துக்கலாம், தகுந்த நஷ்டஈடு கொடுக்கணும்னு 1962ல ஐ.நா. பொதுச்சபை 1803ம் தீர்மானத்துலயே சொல்லியிருக்கு. ஈரான் கதையை படிச்சா ரத்தம் கொதிக்கும். ஆங்கிலோ-ஈரானியன்ங்கற பிரிட்டிஷ் எண்ணெய் கம்பெனி ஈரானுக்கு கொடுத்த ராயல்டியை விட பிரிட்டன் அரசாங்கத்துக்கு கட்டுன வரி அதிகம். 1951ல ஈரான் பிரதமர் மொசாதெக் அதை நாட்டுடைமை ஆக்குனார், நஷ்டஈடு பத்தி பேச தயாராவும் இருந்தார். பிரிட்டன் உலக நீதிமன்றத்துக்கு போச்சு, 1952ல இது எங்க அதிகார வரம்புக்குள்ள வராதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா கோர்ட்ல தோத்தது பிரிட்டனை ஒண்ணும் பண்ணல, ஈரான் எண்ணெயை யாரும் வாங்க முடியாதபடி கடல்லயே தடுத்தாங்க, ரோஸ் மேரின்னு ஒரு டேங்கர் ஈரான் எண்ணெயோட போனப்போ ஏடன் துறைமுகத்துக்கு கொண்டுபோய் நிறுத்தி வச்சாங்க. 1953 ஆகஸ்ட்ல அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து மொசாதெக்கை கவுத்தாங்க. 1954ல புது ஒப்பந்தம், அந்த பழைய கம்பெனிக்கு புது கூட்டமைப்புல 40 சதவீதம், அதுக்கு மேல ஈரான் பத்து வருஷத்துல 2 கோடியே 50 லட்சம் பவுண்ட் நஷ்டஈடு கட்டணும். இதையும் சுமூகமான தீர்வு லிஸ்டுல சேர்க்கலாமா?

சூயஸ் கொஞ்சம் பரவால்ல. 1956 ஜூலை 26 அன்னிக்கு எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாய் கம்பெனியை எடுத்துக்கிட்டார், ஷேர் வச்சிருந்தவங்களுக்கு பங்குச்சந்தை விலைப்படி நஷ்டஈடு தருவோம்னு அந்த சட்டத்துலயே இருந்தது. பிரிட்டன் உடனே லண்டன்ல இருந்த எகிப்தோட ஸ்டெர்லிங் (பிரிட்டிஷ் பவுண்ட்) கணக்கை முடக்குச்சு, அப்புறம் போரும் வந்தது. இவ்வளவுக்கும் அப்புறம் 1958ல 2 கோடியே 83 லட்சம் எகிப்திய பவுண்டுன்னு பேசி முடிச்சு எகிப்து ஒழுங்கா கட்டி 1963 ஜனவரியில கணக்கை முடிச்சிடுச்சு. கம்பெனிக்கு வெளிநாட்டுல இருந்த சொத்து கம்பெனிக்கே. கொடுக்கறேன்னு சொன்னவங்க கொடுத்தாங்க, வாங்க வேண்டியவங்க வாங்குனாங்க, இதுக்கு எதுக்கு அத்தனை உயிர் போகணும்னுதான் கேக்க தோணுது.

இலங்கையும் இதுல மாட்டுச்சு, உங்க கட்டுரையில அது ஒரு வரிகூட இல்ல, தமிழ் வாசகர்களுக்கு அது கட்டாயம் தெரியணும். 1961ல பெட்ரோலிய கூட்டுத்தாபனம் ஆரம்பிச்சு அடுத்த வருஷம் எஸ்ஸோ, கால்டெக்ஸ், ஷெல் கம்பெனிகளோட சொத்துக்களை சிறிமாவோ அரசு எடுத்துக்கிச்சு. அப்போதான் அமெரிக்காவுல ஹிக்கன்லூப்பர்னு ஒரு செனட்டர் கொண்டுவந்த திருத்தம் சட்டமாயிருந்தது, அமெரிக்க சொத்தை எடுத்துட்டு ஆறு மாசத்துல நஷ்டஈட்டுக்கு வழி பண்ணலேன்னா உதவி கட். அந்த சட்டம் முதல்முதலா விழுந்தது இலங்கை மேலதான், 1963 பிப்ரவரியில உதவியை நிறுத்துனாங்க. 1965ல ஆட்சி மாறி டட்லி சேனநாயக்க வந்து கம்பெனிகளோட பேசி முடிச்ச அப்புறம்தான் திரும்ப உதவி வந்தது. இங்க பிடிச்சு வைக்க தங்கம் இல்ல, அதனால உதவியை பிடிச்சாங்க.

இந்தோனேசியா 1957, 58ல டச்சுக்காரங்களோட தோட்டங்களை எடுத்தப்போ சுமத்ரா புகையிலையை ஜெர்மனியில ப்ரேமன்ல விக்க கொண்டுபோச்சு, பழைய டச்சு கம்பெனிக்காரங்க இது எங்க புகையிலைன்னு அங்கயே கேஸ் போட்டாங்க, 1959ல கோர்ட் ஏத்துக்கல. அந்த தகராறு 1966ல 60 கோடி கில்டர் (டச்சு பணம்)னு முடிஞ்சு, 2003 வரைக்கும் தவணை போச்சு. அதிபர் சுகர்னோ காலத்துல எடுத்ததுக்கு சுகர்னோவோட மகள் அதிபரா இருந்தப்போ கடைசி தவணை.

சில தகராறு முடிச்சு மேல முடிச்சா போகும். அல்பேனியா 1945 ஜனவரியில தன்னோட தேசிய பேங்கை எடுத்துக்கிச்சு, அதுல பெரும்பான்மை பங்கு இத்தாலி அரசுகிட்ட. அந்த பேங்கோட தங்கத்தை 1943லயே ஜெர்மானியர்கள் ரோம்லேர்ந்து தூக்கிட்டு போயிட்டாங்க, மீட்ட அப்புறம் அது யாருக்குன்னு சண்டை. பேங்க் எங்களது, அதனால தங்கம் எங்களுக்குன்னு இத்தாலி. அல்பேனியா கரையோரம் இருக்கற கார்ஃபு கால்வாய்ல கண்ணிவெடியில ரெண்டு போர்க்கப்பல் அடிபட்டு எங்க ஆளுங்க 44 பேர் செத்தாங்க, உலக நீதிமன்றம் 1949ல விதிச்ச 8,43,947 பவுண்டை அல்பேனியா தரல, அதனால தங்கம் எங்களுக்குன்னு பிரிட்டன். 1954ல கேஸ் உலக நீதிமன்றத்துக்கே போச்சு, அல்பேனியா சம்மதிக்காம அதோட பொறுப்பை பத்தி நாங்க தீர்ப்பு சொல்ல முடியாதுன்னு சொல்லிட்டாங்க. சட்டப்படி சரியான தீர்ப்புதான், ஆனா தங்கம் பெட்டியிலேயே இருந்தது. 1992ல பிரிட்டனோட பேசி 20 லட்சம் டாலர் தர ஒத்துக்கிட்டு, 1996லதான் தங்கம் அல்பேனியாவுக்கு போச்சு. உலகத்துலயே ரொம்ப ஏழையா இருந்த நாடுகள்ல ஒண்ணு, அதோட தங்கம் அரை நூற்றாண்டு அடுத்தவன் பெட்டியில.

சொத்தை பறிகொடுத்த தனி ஆளுக்கு வருவோம், உங்க கட்டுரையில இவங்கதான் வரவே இல்ல. நம்ம அரசாங்கம் நம்ம சார்பா கேக்குதுன்னு நாம நினைப்போம், ஆனா சர்வதேச சட்டத்துல அப்படி இல்ல. 1924லேர்ந்து இருக்கற கோட்பாடு என்னன்னா, ஒரு நாடு தன் குடிமகனுக்காக கேஸை கையில எடுத்ததும் அது நாட்டோட சொந்த உரிமை ஆயிடுது. எவ்வளவுக்கு ராஜி ஆகலாம், எதுக்கு பதிலா விட்டுக் கொடுக்கலாம், எப்போ முடிக்கலாம் எல்லாம் அரசாங்கத்தோட முடிவு, இழந்தவர் சம்மதம் தேவையில்ல. மொத்தமா ஒரு தொகையை வாங்கி அதை உள்ளுக்குள்ள பிரிச்சுக்குவாங்க, அந்த கையெழுத்தோட உங்க கோரிக்கை முடிஞ்சது, அப்புறம் எந்த கோர்ட்டுக்கும் போக முடியாது. அந்த பங்கு கிடைக்கவும் சொத்து பறிபோன அன்னிக்கே நீங்க அந்த நாட்டு குடிமகனா இருந்திருக்கணும்ங்கறதுதான் பொது விதி. பிராக்லேர்ந்து உயிர் பிழைச்சா போதும்னு ஓடி வந்து, சொத்து போன அப்புறம் அமெரிக்க குடியுரிமை வாங்குனவருக்கு இந்த விதிப்படி கதவு மூடி. பழைய நாட்டுல அவர் துரோகி, புது நாட்டோட லிஸ்டுல அவர் பேரு இல்ல. அதுக்கும் மேல நிரூபிக்கற பொறுப்பு அவரோடது, பத்திரம், ஷேர் சர்டிஃபிகேட், நிலப் பதிவேட்டு நகல் எல்லாம் அவர்தான் கொண்டு வரணும், அந்த பதிவேடு இருக்கறதோ சொத்தை எடுத்துக்கிட்ட அரசாங்கத்தோட ஆபீஸ்ல.

இதையெல்லாம் விட என்னை தூங்க விடாத ஒண்ணு சுவிட்சர்லாந்தும் போலந்தும் 1949 ஜூன்ல போட்ட ஒப்பந்தம். போலந்து நாட்டுடைமை ஆக்குன சுவிஸ் சொத்துக்கு நஷ்டஈடு தரணும், போலந்துகிட்ட காசு இல்ல. சுவிஸ் பேங்குகள்ல போருக்கு முன்னாடி போலந்து குடிமக்கள் போட்ட பணம் இருந்தது, கணக்கு வச்சிருந்தவங்க போர்ல செத்து, வாரிசும் இல்லாம கிடந்த பணம். அவங்கள்ல பெரும்பாலானவங்க யூதர்கள், குடும்பத்தோட கொல்லப்பட்டவங்க, அதனாலதான் கேட்டு வர ஒரு வாரிசுகூட மிஞ்சல. ரகசியமா ஒரு கடிதம் பரிமாறிக்கிட்டாங்க, அந்த மாதிரி கணக்குகள்ல இருக்கற பணம் போலந்து பேருக்கு மாறி, ஃபேக்டரி இழந்த சுவிஸ்காரங்களோட நஷ்டஈட்டுக்கு போகும்னு. கொலை செய்யப்பட்டவங்களோட சேமிப்புலேர்ந்து கம்பெனிகளுக்கு நஷ்டஈடு. கைக்கு மாறுன தொகை பெருசு இல்லன்னு வாதம் பண்றவங்க இருக்காங்க, தொகை எவ்வளவா இருந்தா என்ன, ரெண்டு அரசாங்கம் உக்காந்து இதை எழுதி கையெழுத்து போட்டிருக்கே. 1996ல இது பரவலா வெளிய தெரிஞ்சப்போ ரெண்டு நாட்டுலயும் பெரிய கொந்தளிப்பு ஆச்சு, அந்த வருஷக் கடைசியில சுவிஸ் நாடாளுமன்றம் போர்க்கால கணக்கு வழக்கை ஆராய சுதந்திரமான வரலாற்று கமிஷன் ஒண்ணு அமைச்சது. கிட்டத்தட்ட 47 வருஷம் அது வெறும் ஒரு சுமூகமான வர்த்தக ஒப்பந்தமாதான் ஃபைல்ல இருந்தது.

பெரிய கம்பெனிக்காரனுக்கு நஷ்டம் வந்தா நமக்கென்னன்னு சில வாசகர்கள் நினைக்கலாம். பெரிய கம்பெனிக்கு வழக்கறிஞர் படை இருக்கு, அரசாங்கத்துல ஆள் இருக்கு, வேற நாட்டுல சொத்து இருக்கு, சூயஸ் கம்பெனி நாட்டுடைமை ஆன அப்புறமும் பெரிய முதலீட்டு நிறுவனமா தொடர்ந்தது. மாட்டிக்கறது சின்ன ஆள்தான், ஒரே ஒரு வீடு, ஒரே ஒரு பட்டறை வச்சிருந்தவர். அவருக்கும் பெரிய கம்பெனிக்கும் ஒரே சதவீதம்னு சொல்றது காகிதத்துல சமம், அசல்ல மூணுல ஒரு பங்கு கிடைச்சா கம்பெனி அதை நஷ்டக் கணக்குல எழுதிட்டு போயிடும், இவர் எங்க போவார்?

உங்ககிட்ட நான் கேக்கறது இதுதான். இனிமே இந்த மாதிரி ஒப்பந்தம் பத்தி எழுதுறப்போ மொத்த தொகையோட நிறுத்தாதீங்க. அங்கீகரிச்ச அசல்ல எத்தனை சதவீதம் ஆளுங்க கைக்கு போச்சு, எத்தனை வருஷம் கழிச்சு போச்சு, எதை பிடிச்சு வச்சு அந்த தொகையை வாங்குனாங்க, குடியுரிமை தேதியால எந்த மாதிரி ஆளுங்க வெளிய நின்னாங்க, இதையும் சேர்த்து போடுங்க. கட்டுன நாட்டோட பக்கத்தையும் எழுதுங்க, தன்னோட தங்கத்தையே காசு கொடுத்து மீட்டதை எல்லாம். கடிதம் நீளம்னு எனக்கே தெரியுது, வெட்டணும்னா சூயஸ், இந்தோனேசியா பகுதியை வெட்டிக்கோங்க, சுவிஸ்-போலந்து ஒப்பந்தம் பத்தி எழுதுன பகுதியில மட்டும் தயவுசெஞ்சு கை வைக்காதீங்க.

இப்படிக்கு
உங்கள் வாசகர்